ஆயா வழுக்கி விழுந்தால் வீடே ஆடிப்போகும்! முதியோர் இருக்கும் வீட்டில் உடனே செய்ய வேண்டிய மாற்றங்கள்

சென்னை, அக்.1-

விடியற்காலை 4 மணி. பத்துக்கு பத்து அறை. தரையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் வரிசையாக படுத்து தூங்குகிறார்கள். ஓரத்தில் படுத்திருக்கும் ஆயாவுக்கு பாத்ரூம் போக வேண்டும்.

லைட்டை போட்டால் பிள்ளைங்க முழிச்சிக்கும். அதனால் இருட்டிலேயே எழுந்திருக்கிறார். பேரன் காலை மிதித்து விடாமல் சுவரை தடவிக்கொண்டே போகிறார். படியை தாண்டி, ஈரமாக கிடக்கும் பாத்ரூமில் கால் வைக்கிறார். 'தொப்' என்று ஒரு சத்தம்.

பொழுது விடிந்ததும் கம்பெனிக்கு போக வேண்டிய மருமகள் ஆஸ்பத்திரியில் நிற்கிறார். மகனின் ஆட்டோ அன்று ஓடவில்லை. அடுத்த ஒரு வாரமும் ஓடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது ஆயாவுக்கு. கூலி போனது வீட்டில் உள்ள எல்லோருக்கும்.

இது ஏதோ ஒரு வீட்டு கதை அல்ல. ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று நெருக்கமாக வீடுகள் இருக்கும் எந்த தெருவில் கேட்டாலும் இப்படி ஒரு சம்பவத்தை சொல்வார்கள். இதில் பெரும்பாலானவை கொஞ்சம் முன்னேற்பாடு இருந்தால் தடுத்திருக்க கூடியவை. அதற்கு பெரிய செலவும் கிடையாது.

நூற்றுக்கு 10 பேர்

உலக முதியோர் தினம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-ந்தேதி கடைபிடிக்கப்படுகிறது. 1990-ல் ஐ.நா. சபை இதை அறிவித்தது. 1991 முதல் நடந்து வருகிறது.

தமிழ்நாட்டில் வயதானவர்கள் மற்ற பல மாநிலங்களை விட அதிகம். 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 60 வயதை தாண்டியவர்கள் 10.4 சதவீதம். இந்தியா முழுவதும் சேர்த்து பார்த்தால் 8.6 சதவீதம்தான்.

உலகம் முழுவதும் கீழே விழுந்து சாகிறவர்கள் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணக்கு சொன்னது. விபத்து சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் 60 வயதை தாண்டியவர்களே அதிகம்.

எழுந்த உடனே ஏன் தலை சுற்றுகிறது?

படுத்திருக்கும்போது ரத்தம் உடம்பில் சமமாக ஓடுகிறது. சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். இளவட்டங்களுக்கு ரத்தக்குழாய் உடனே சுருங்கி அதை மேலே தள்ளிவிடும். வயதானவர்களுக்கு அந்த வேகம் இருக்காது. சில வினாடிகள் மூளைக்கு ரத்தம் குறையும். கண் இருட்டும். தலை கிறுகிறுக்கும். அந்த நேரத்தில்தான் விழுகிறார்கள்.

பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, நீர் பிரிய கொடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். சர்க்கரை வியாதி நாள்பட்டு இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்து, தரை எங்கே இருக்கிறது என்றே சரியாக தெரியாது.

இதற்கு மருந்து ரொம்ப எளிது. விழிப்பு வந்ததும் ஒரு பக்கமாக திரும்பி, கையை ஊன்றி உட்கார வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து கால்களை ஆட்ட வேண்டும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு நடக்கலாம். அடிக்கடி தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்க சொல்ல வேண்டும்.

முதல் எதிரி பாத்ரூம்

வீட்டில் வயதானவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் பாத்ரூம். ஈரம், சோப்பு நுரை, பாசி. இந்த மூன்றும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் வழுக்கும். செய்ய வேண்டியவை வருமாறு:-

* வாரம் ஒரு முறையாவது பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்த்து பாசியை எடுக்க வேண்டும். கடைசியாக குளிப்பவர் தண்ணீரை தள்ளிவிட்டு வர வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டு விடலாம்.

* நின்றுகொண்டு குளிக்க வேண்டாம். அடியில் ரப்பர் பூண் உள்ள ஸ்டூல் ஒன்று போதும். உட்கார்ந்து குளித்தால் பாதி பயம் போய்விடும்.

* சுவரில் கைப்பிடி கம்பி ஒன்று போட வேண்டும். டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. சுவரில் துளை போட்டு போல்ட் வைத்து இறுக்கிய கம்பியாக இருக்க வேண்டும். டவல் போடும் கம்பி ஆள் கனத்தை தாங்காது. காற்றை உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் கைப்பிடியையும் நம்பக்கூடாது. சட்டென்று கழன்று வந்துவிடும்.

* வாடகை வீடு, ஓனர் சுவரில் துளை போட விடமாட்டார் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நடுவில் ஓட்டை உள்ள கம்மோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் விற்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும். இந்தியன் டாய்லெட் மேலேயே வைத்துக்கொள்ளலாம். முட்டி வலி உள்ளவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடியாமல் தவிக்கும் தவிப்பு இதனால் தீரும்.

* உள் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கதவை சும்மா சாத்திக்கொண்டு, வெளியே ஒரு துண்டு தொங்கவிட்டால் ஆள் இருக்கிறார் என்று தெரியும். உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டி வராது.

* வெந்நீர் வைக்கும்போது பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர். அதன் மேல்தான் வெந்நீர். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு காலில் சூடு தெரியாமல் கொப்பளித்து விடும். அதனால் வேறு யாராவது கையை விட்டு பார்க்க வேண்டும். தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பியை சுவிட்சை அணைத்து, பிளக்கை பிடுங்கிய பிறகே தொட வேண்டும்.

பொது பாத்ரூம் உள்ள லைன் வீடுகளில் ராத்திரி நேரத்தில் வெளியே நடப்பதுதான் ஆபத்து. அங்கே கட்டில் ஓரத்தில் ஒரு கம்மோடு நாற்காலியோ, மூடி போட்ட பாத்திரமோ வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். ஒரு சேலையை திரையாக கட்டினால் மறைவும் கிடைக்கும்.

வெளிச்சம் போதுமா?

20 வயதுக்காரர் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரர் கண்ணுக்குள் போகிறது. நமக்கு பளிச்சென்று தெரியும் படி அவர்களுக்கு மங்கலாகத்தான் தெரியும்.

படுக்கையில் இருந்து பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன ராத்திரி விளக்கு எரிய வேண்டும். எல்.இ.டி.யில் அரை வாட், ஒரு வாட் பல்புகள் உள்ளன. விடிய விடிய எரிந்தாலும் கரண்டு பில்லில் பெரிதாக தெரியாது. தரையை பார்த்து எரியும்படி தாழ்வாக மாட்டினால் பிள்ளைகள் தூக்கமும் கெடாது. அது முடியாவிட்டால் தலையணை பக்கத்தில் ஒரு டார்ச் லைட்.

வாசல்படி, பாத்ரூம் படி விளிம்பில் மஞ்சள் அல்லது வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு அடித்தால் போதும். படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு தெரியும்.

பார்வை மங்கினால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடக்கூடாது. கண்புரையாக இருக்கலாம். 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி உள்பட அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள்.

தரையில் கிடப்பது என்ன?

சின்ன வீடு என்றால் தரையில்தான் எல்லாம் கிடக்கும். செல்போன் சார்ஜர் ஒயர், டேபிள் பேன் ஒயர், பிள்ளைகளின் பொம்மை, கோணிப்பை கால்மிதி. வயதானவர்கள் காலை தூக்கி வைக்காமல் தேய்த்து நடப்பதால் சின்ன மடிப்பு கூட தட்டிவிடும்.

ஆயா நடக்கும் பாதை ஒன்றை மட்டும் காலியாக வைக்க வேண்டும். ஒயரை சுவர் ஓரமாக ஆணி அடித்து கட்ட வேண்டும். கிழிந்த கால்மிதி, பழைய சாக்கு எல்லாம் வெளியே போக வேண்டும். முடிந்தால் படுக்கையை பாத்ரூமுக்கு கிட்டே, யாரையும் தாண்டாமல் போகிற பக்கமாக மாற்ற வேண்டும்.

தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஈரத்தில் சறுக்கும். அடியில் வரி வரியாக இருப்பதும், பின்பக்கம் பட்டை உள்ளதுமான செருப்பு நல்லது. சேலை, லுங்கி, நைட்டி தரையில் புரளாமல் கணுக்கால் தெரிய இருக்க வேண்டும்.

கட்டில் உயரம்

தரையில் படுத்து எழுவது முட்டி தேய்ந்தவர்களுக்கு பெரிய பாடு. கட்டில் இருந்தால் நல்லது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாக பதிய வேண்டும். முட்டி இடுப்பை விட மேலே போகக்கூடாது. தொய்ந்துபோன நாடா கட்டிலில் ஆள் குழிக்குள் போய்விடுவதால் எழுந்திருக்க முடியாது. நாடாவை இறுக்கி கட்ட வேண்டும்.

நாற்காலியும் அப்படித்தான். கை வைத்த நாற்காலியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் கால் விரிசல் விட்டிருந்தால் அன்றே தூக்கி போட்டுவிட வேண்டும்.

அடுப்படியில் கவனம்

அடிக்கடி எடுக்கும் சாமான்கள் இடுப்பு உயரத்தில் இருந்து தோள் உயரத்துக்குள் இருக்க வேண்டும். பரண் மேல் உள்ளதை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் குடத்தை இடுப்பில் தூக்குவதற்கு பதில் சின்ன வாளி, சொம்பு என்று பிரித்து வைக்கலாம். காய் நறுக்க அரிவாள்மணைக்கு பதில் மேஜை மேல் பலகையும் கத்தியும் இருந்தால் கீழே உட்கார வேண்டியதில்லை.

மறதி உள்ளவர்கள் கியாஸ் அடுப்பை அணைக்க மறந்து விடுவார்கள். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பு பக்கம் போகும்போது நைலான் சேலை வேண்டாம், பருத்தி சேலைதான் நல்லது.

தடியை எந்த கையில் பிடிப்பது?

இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற காலும் எதிர்ப்பக்க தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அப்போதுதான் கனம் குறையும்.

நேராக நின்று கையை தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். அடியில் உள்ள ரப்பர் பூண் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் தடியே வழுக்கி விடும். பூண் மட்டும் தனியாக கிடைக்கும். மாற்றி விட வேண்டும்.

மாத்திரை குழப்பம்

பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. எல்லாமே வெள்ளை மாத்திரை. எழுத படிக்க தெரியாதவர் என்ன செய்வார்? போட்டதையே இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதும், போடாமலே விட்டுவிடுவதும் நடக்கிறது.

காலை, மதியம், ராத்திரி என்று மூன்று டப்பா வையுங்கள். காலை டப்பாவில் சூரியன், மதிய டப்பாவில் சாப்பாட்டு தட்டு, ராத்திரி டப்பாவில் நிலா. பேரப்பிள்ளைகளே படம் வரைந்து ஒட்டிவிடுவார்கள். அன்றன்றைக்கு உள்ள மாத்திரையை மட்டும் போட்டு வைத்தால், சாப்பிட்டாரா இல்லையா என்று பார்த்தாலே தெரியும்.

நீர் பிரியும் மாத்திரையை எந்த நேரம் போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரி போட்டால் விடிய விடிய எழுந்திருக்க வேண்டி வரும். தானாக எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது.

மாடி வீட்டில் இருப்பவர்கள்

குடிசை மாற்று வாரியம் என்று எல்லோரும் சொல்லும் வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டது. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இதன் பழைய குடியிருப்புகளில் லிப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் இருக்கும் தாத்தா கீழே இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று வீட்டிலேயே முடங்கி விடுகிறார்.

படிக்கட்டில் கைப்பிடி உடைந்திருந்தால் பிளாக்கில் உள்ளவர்கள் சேர்ந்து மனு கொடுத்து சரிசெய்ய வைக்க வேண்டும். படியில் சைக்கிள், தண்ணீர் கேன் அடுக்கக்கூடாது. ஒவ்வொரு மாடி திருப்பத்திலும் ஒரு ஸ்டூல் போட்டால் மூச்சு வாங்கி ஏறலாம். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பகலில் தனியாக இருந்தால்...

எல்லோரும் வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு போனபிறகு ஆயா மட்டும் தனியாக இருப்பார். பட்டன் போனில் 2-ம் நம்பரை அழுத்தினால் மகனுக்கு, 3-ம் நம்பரை அழுத்தினால் மகளுக்கு போகும்படி போட்டு வைக்கலாம். போன் மேஜையில் இருந்தால் பயன் இல்லை. கழுத்தில் கயிறு கட்டி தொங்கவிட வேண்டும். விழுந்தால் எட்ட வேண்டுமே!

பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். "11 மணிக்கு ஒரு தடவை எட்டி பாத்துக்கக்கா" என்று சொல்லி வைத்தால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

விழுந்து விட்டால் என்ன செய்வது?

பதறிப்போய் இரண்டு பக்கமும் பிடித்து தூக்கி நிறுத்துவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். இடுப்பில் கடுமையான வலி, ஒரு கால் மட்டும் குட்டையாக தெரிவது, பாதம் வெளிப்பக்கமாக திரும்பி கிடப்பது இருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108 ஆம்புலன்சை கூப்பிட வேண்டும். எண்ணெய் போட்டு உருவி விடக்கூடாது.

தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ஒன்றும் இல்லாதது போல தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போயே ஆக வேண்டும். உள்ளே மெதுவாக ரத்தம் கசியும் அபாயம் உண்டு.

தனியாக விழுந்தவர், பெரிய வலி இல்லை என்றால் ஒருக்களித்து திரும்பி, முட்டி போட்டு, கட்டில் அல்லது நாற்காலி வரை தவழ்ந்து போய் அதை பிடித்து எழலாம்.

இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷனை தள்ளிப்போடக்கூடாது. படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உயிரை எடுப்பது பல நேரம் எலும்பு முறிவு அல்ல. அதற்கு பிறகு வரும் இவைதான்.

எங்கே உதவி கிடைக்கும்?

* முதியோர் உதவி போன் நம்பர் 14567. நாடு முழுவதற்கும் 2021 அக்டோபர் 1-ந்தேதி கொண்டுவரப்பட்டது. காசு கிடையாது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

* பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபி பயிற்சியும் இதில் உண்டு. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

* கைத்தடி, வாக்கர், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட், சக்கர நாற்காலி ஆகியவற்றை ஏழை முதியோருக்கு இலவசமாக கொடுக்கும் மத்திய அரசு திட்டம் 2017-ல் வந்தது. 'ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா' என்று பெயர். முகாம் எப்போது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

* ரேஷன் பொருளை வயதானவர்கள் வீட்டுக்கே கொண்டு கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டு 12-ந்தேதி தொடங்கியது. விவரத்தை ரேஷன் கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

* இந்தியாவிலேயே முதலாவதாக முதியோருக்கு தனி சிகிச்சை பிரிவு 1978-ல் சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில்தான் வந்தது. அதை ஆரம்பித்தவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். இப்போது கிண்டியிலும் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 2024 பிப்ரவரி 25-ந்தேதி திறக்கப்பட்டது.

'சும்மா உக்காரு' என்று சொல்லாதீங்க

பாசத்தில் செய்யும் ஒரு தப்பு உண்டு. ஒரு தடவை விழுந்துவிட்டால், "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா, சும்மா உக்காரு" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது. உட்கார்ந்தே இருந்தால் கால் சதை கரையும். அடுத்த தடவை இன்னும் சுலபமாக விழுவார்கள்.

கீரை ஆய்வது, துணி மடிப்பது, பேரனுக்கு சாப்பாடு ஊட்டுவது என்று வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நாற்காலி முதுகை பிடித்துக்கொண்டு குதிகாலை தூக்கி இறக்குவது. இவற்றை தினமும் பத்து தடவை செய்தால் கால் பலப்படும். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

இன்னொன்று. எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும் அவர்களிடம் கேட்டு செய்ய வேண்டும். கம்மோடு நாற்காலியை கொண்டுவந்து வைத்து, "இனிமே இதுலதான் போகணும்" என்றால் எந்த பெரியவரும் முகம் சுளிப்பார். "எந்த இடத்துல பிடிக்க கஷ்டமா இருக்கு ஆயா?" என்று கேட்டுவிட்டு கம்பியை போட்டால், அது அவர்கள் கம்பி. தினமும் பிடிப்பார்கள்.

இன்று ராத்திரியே செய்யலாம்

காசு செலவே இல்லாமல் இன்று ராத்திரி படுப்பதற்கு முன்பு செய்யக்கூடியவை:-

1. படுக்கையில் இருந்து பாத்ரூம் வரை வழியை காலி செய்யுங்கள்.

2. பாத்ரூம் தண்ணீரை தள்ளிவிட்டு தரையை காயவிடுங்கள்.

3. டார்ச் லைட், மூக்குக்கண்ணாடி, தடி, குடிக்க தண்ணீர். இந்த நான்கையும் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

4. கால்மிதியை சுருட்டி எடுத்து வையுங்கள்.

5. "ராத்திரி எழுந்தா லைட்டை போடு ஆயா. நாங்க முழிச்சாலும் பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.